பீவர் வேட்டைக்கு எந்தத் தோட்டா: நோர்வே ஆற்றங்கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

நோர்வேயின் டெலிமார்க் பகுதியில் பண்ணை வைத்திருக்கும் என் அயலவர் ஒருவரின் துப்பாக்கிப் பெட்டகத்தில் இரண்டு ரைபிள்கள் இருக்கின்றன. ஒன்று சிறு வேட்டைக்கும் பயிற்சிக்கும் வைத்திருக்கும் .22 லாங் ரைபிள். மற்றது இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டைக்கு எடுத்துச் செல்லும் 6.5×55. அவருடைய நிலத்தின் ஓரமாக ஓடும் ஓடையில் பீவர் குடும்பம் ஒன்று அணை கட்டி, புல்வெளியின் தாழ்வான மூலையை மூழ்கடித்துவிட்டது. நகராட்சி பீவர் வேட்டையை அனுமதித்திருக்கும் பகுதி அது; அவருடைய பரப்புக்கு ஒதுக்கீடும் கிடைத்திருந்தது. கையில் இருக்கும் இரண்டில் ஒன்று போதுமா, அல்லது பீவருக்கென்று .223 ஒன்றை வாங்கத்தான் வேண்டுமா என்று அவர் கேட்டார். துப்பாக்கிக் கடையில் ஒரு பதிலும், வேட்டைக் கழகத்தில் இன்னொரு பதிலும், கனடாவில் இருக்கும் அவருடைய மைத்துனரிடமிருந்து மூன்றாவது பதிலும் ஏற்கெனவே அவருக்குக் கிடைத்திருந்தன. அந்தப் பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் சொற்களைப் பற்றி ஒரு சிறு விளக்கம். தமிழில் 'தோட்டா' என்ற சொல் முழு வெடியையும் குறிக்கிறது, பறந்து செல்லும் முனையையும் குறிக்கிறது. இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடும் மருந்தும் முனையும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்றால் குழலிலிருந்து வெளியேறும் முனை மட்டும். .22 லாங் ரைபிள், .223, 6.5×55 போன்றவை தோட்டா வகைகளின் பெயர்கள்; அவற்றைச் சுடும் ரைபிளையும் அதே பெயரால் அழைப்பது வழக்கம். பீவரைச் சிலர் 'நீர்நாய்' என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும் வேறொரு விலங்கு. பீவரோ மரப்பட்டையும் தளிரும் தின்னும் பெரிய கொறிணி. நமக்குச் சொந்தப் பெயர் இல்லாத விலங்கு என்பதால் பீவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வளர்ந்த ஐரோப்பிய பீவர் பொதுவாக 15 முதல் 30 கிலோ வரை எடை கொண்டது. எடையை மட்டும் பார்த்தால் இது ரோ மான் என்ற ஐரோப்பியச் சிறு மானுக்கு இணையான விலங்கு. ரோ மானை வீழ்த்தும் எந்தத் தோட்டாவும் இதையும் வீழ்த்தும். ஆனால் ரோ மான் இதயத்தில் அடிபட்டு ஐம்பது மீட்டர் ஓடி விழுந்தால் வேட்டைக்காரர் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். பீவரோ பெரும்பாலும் நீரை ஒட்டியேதான் இருக்கிறது. அடிபட்ட பின் அதற்கு மூன்று வினாடி உயிர் இருந்தால் போதும், நீருக்குள் போய்விடும். மூச்சை அடக்கிக் கால் மணி நேரம் வரை மூழ்கியிருக்கக்கூடிய விலங்கு அது; அதன் வீட்டின் வாயிலும் நீருக்கடியில்தான் இருக்கிறது. காயத்தோடு உள்ளே புகுந்த பீவர் அங்கேயே செத்துக் கிடக்கும்; யாராலும் எடுக்க முடியாது. ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'இது பீவரைக் கொல்லுமா' என்பதல்ல. உட்கார்ந்த இடத்திலேயே அதைச் சாய்க்குமா, சாய்த்த பின் குண்டு எங்கே போகும் என்ற இரண்டும்தான் கேள்விகள். முதல் கேள்வி குறியின் நுட்பத்தையும் குண்டின் கட்டமைப்பையும் பற்றியது. இரண்டாவது கேள்வி நீரைப் பற்றியது.

பட்டியலைச் சட்டமே முதலில் பாதியாக்கிவிடுகிறது. நோர்வேயில் ரோ மானுக்கும் பீவருக்கும் விரியும் குண்டு, அதாவது உடலில் பட்டதும் முனை மலர்ந்து அகலமாகும் குண்டுதான் பயன்படுத்த வேண்டும். அந்தக் குண்டு 100 மீட்டரில் குறைந்தது 980 ஜூல் ஆற்றலோடு சென்று சேர வேண்டும். பழைய அளவையில் 100 கிலோகிராம்-மீட்டர் என்று இருந்ததை ஜூலுக்கு மாற்றியதால் வந்த எண் அது. சுவீடனில் பீவருக்கு இரண்டாம் வகுப்பு ஆயுதம் தேவை: குண்டின் எடை குறைந்தது 3.2 கிராம், 100 மீட்டரில் ஆற்றல் குறைந்தது 800 ஜூல். இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த விலங்குக்கு இரு நாடுகளிலும் ஒரு வரலாறு இருக்கிறது. நோர்வே 1845இல் பீவரைக் காக்கச் சட்டம் இயற்றியபோது, தென்பகுதியில் டெலிமார்க்கையும் அக்டரையும் ஒட்டிய காடுகளில்தான் சிறு கூட்டம் ஒன்று எஞ்சியிருந்தது. சுவீடனில் 1870களின் தொடக்கத்திலேயே விலங்கு முற்றாக அழிந்துவிட்டது. 1922இல் நோர்வேயிலிருந்து கொண்டுவந்து யம்ட்லாந்தில் விட்ட பீவர்களிலிருந்துதான் அங்கே மீண்டும் பெருகத் தொடங்கியது.

சட்டம் போட்ட இந்த எல்லைக்கோட்டை வைத்துப் பார்த்தால் .22 லாங் ரைபிள் கிட்டவே வருவதில்லை. 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் எடையுள்ள அதன் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும்போது ஆற்றல் 140 ஜூல் அளவில் இருக்கும். 100 மீட்டரில் சட்டம் கேட்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். .17 எச்எம்ஆர் 1.1 கிராம் குண்டை நொடிக்கு 777 மீட்டர் வேகத்தில் அனுப்பினாலும் குழல் முனையிலேயே 330 ஜூல்தான். .22 மேக்னம் அதைவிடக் கொஞ்சம் மேல்: 430 ஜூல் அளவு, 100 மீட்டரில் அதில் ஏறக்குறைய பாதி போய்விடும். .22 ஹார்னெட் மட்டும் இடையில் நின்று ஏமாற்றுகிறது. 45 கிரெயின் குண்டோடு அதன் குழல் முனை ஆற்றல் 975 ஜூல் அளவு என்பதால் பெட்டியைப் பார்ப்பவருக்குக் கிட்டத்தட்டப் போதும் போலத் தெரியும். ஆனால் சட்டம் கேட்பது குழல் முனையின் ஆற்றலை அல்ல, 100 மீட்டரின் ஆற்றலை. அங்கே ஹார்னெட் பெரிதும் தளர்ந்துவிடுகிறது; குண்டும் 2.9 கிராம்தான் என்பதால் சுவீடனின் எடைக் கோட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

கனடா மைத்துனர் சொன்ன பதில் .22 லாங் ரைபிள்தான். அதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. வட அமெரிக்காவில் பீவரைப் பிடிப்பதில் பெரும்பங்கு பொறிகளுடையது; துப்பாக்கி பல இடங்களில் துணைக்கருவி மட்டுமே. பொறியருகே, பத்துப் பதினைந்து மீட்டரில், கரையில் அசையாமல் இருக்கும் விலங்கின் மூளையில் சரியாக வைத்த .22 குண்டு வேலையை முடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் பீவரின் மூளை சிறு எலுமிச்சம்பழ அளவுதான். அதைச் சுற்றி, மரத்தை வெட்டி வீழ்த்தும் தாடைகளை இயக்கும் தடித்த தசையும் கனத்த மண்டையோடும் இருக்கின்றன. மங்கும் வெளிச்சத்தில் மூன்று சென்டிமீட்டர் பிசகினால் 140 ஜூல் குண்டு தாடையில் நின்றுவிடும். விலங்கு நீரில் போய்விடும். ஆகவே சட்டம் தடுக்காத இடத்திலும் .22ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய காரணம் நீர். பீவர் வேட்டை நடக்கும் கோணங்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சமதளக் கரையில் உட்கார்ந்திருப்பவரின் துப்பாக்கி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது, பீவர் 30 மீட்டரில் நீந்துகிறது என்றால், குண்டு நீரைத் தொடும் கோணம் 3 பாகைக்கும் குறைவு. படகில் உட்கார்ந்து சுடுபவருக்கு அது இன்னும் சிறியது. ஈய உருண்டை ஒன்று நீரில் புகாமல் தெறித்துச் செல்லும் எல்லைக் கோணம் 5 பாகை அளவில் இருக்கும் என்பது பழைய பீரங்கிக்காரர்கள் காலத்திலிருந்து வழங்கிவரும் கணக்கு. நீண்ட முனையுள்ள குண்டுகளுக்கு எண் மாறும் என்றாலும் முடிவு மாறாது. சிறுவர்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெதுவாகச் செல்லும், உருண்டை முனையுள்ள, உடையாத .22 குண்டு இந்த விளையாட்டுக்கென்றே செய்ததுபோல் நடந்துகொள்ளும். தெறித்த பின்னும் முழுக்குண்டாகவே மறுகரையைத் தாண்டிச் செல்லும். ஈயத்தின் மேல் மெல்லிய உலோக உறையுள்ள, வேகமான .223 குண்டு நீரில் மோதினால் உடைந்து சிதறும் வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு அதிகம் என்பதற்கு மேல் அதை நம்பக் கூடாது. கனமான எல்க் குண்டு உடையாமல் இருக்கவே வடிவமைக்கப்பட்டது; அது தெறித்தால் நெடுந்தூரம் போகும்.

எனவே எந்தத் தோட்டாவானாலும் நீந்தும் பீவரைச் சுடுவதில்லை என்பது தோட்டாத் தேர்வுக்கு முந்தைய முடிவு. நீந்தும்போது தலை மட்டும் தெரியும், அதுவும் நேர்கோட்டில் அமைதியாக வரும், ஆசை காட்டும். கரையில் ஏறி மரக்கிளையைக் கொறிக்கத் தொடங்கும் வரை காத்திருப்பதும், அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கும்படி நம் இடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்வதும்தான் வழி. நீருக்கு 4 மீட்டர் உயரமான சரிவில் உட்கார்ந்தால் அதே 30 மீட்டருக்குக் கோணம் ஏழரைப் பாகையாகிவிடும். எந்தத் தோட்டாவின் விலையும் வாங்கித் தராத நன்மை அந்த இரண்டரை மீட்டர் ஏற்றத்தில் கிடைக்கிறது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். .222 ரெமிங்டன் 1950இல் வந்தது. ஸ்காண்டிநேவியாவில் ரோ மானுக்கும் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழிக்கும் நெடுங்காலம் விரும்பிப் பயன்படுத்திய தோட்டா அது. தாத்தாவிடமிருந்து வந்த சாக்கோ அல்லது டிக்கா ரைபிளாக அது இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. 50 கிரெயின் குண்டு, எடை 3.24 கிராம், குழல் முனையில் நொடிக்கு 957 மீட்டர், ஏறக்குறைய 1,480 ஜூல். 100 மீட்டரில் அது 1,000 ஜூல் அளவில் வந்து நிற்கிறது. அதாவது நோர்வேயின் கோட்டைத் தாண்டுகிறது, ஆனால் நூலிழையில். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அளவுள்ள நீண்ட குழலில் வேகத்தை அளக்கிறார்கள். சைலன்சர் பொருத்துவதற்காகக் குட்டையாக்கிய குழலிலும், வேட்டை நடக்கும் ஏப்ரல் மாதக் குளிரிலும் அந்த நூலிழை அறுந்துபோகலாம். .222 வைத்திருப்பவர் பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 100 மீட்டர் எண்ணைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

.223 ரெமிங்டனில் இந்தக் கவலை இல்லை. 55 கிரெயின், அதாவது 3.56 கிராம் குண்டு நொடிக்கு 988 மீட்டரில் கிளம்பி 1,740 ஜூல் அளவு ஆற்றல் தருகிறது; 100 மீட்டரில் 1,200 ஜூல் அளவு மிஞ்சுகிறது. இரு நாடுகளின் கோடுகளையும் வசதியாகத் தாண்டுகிறது. பின்னுதை மிகக் குறைவு என்பதால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் விலங்கு தெரிந்துகொண்டே இருக்கும். கரையில் விழுந்ததா, நீரில் வழுக்கியதா, எந்த இடத்தில் மறைந்தது என்று பார்க்க முடிவது பீவர் வேட்டையில் பெரிய விஷயம். பெரிய தோட்டாக்களில் அந்த நொடியில் ஸ்கோப் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தோட்டாவின் விலையும் குறைவு. ஆகவே ஆண்டு முழுவதும் பயிற்சி செய்ய மனம் வரும். எலுமிச்சம்பழத்தைக் குறிவைக்கப் போகிறவருக்குப் பயிற்சிதான் முதல் தேவை.

ஆனால் .223இல் ஒரு பொறி இருக்கிறது. கடையில் மிகத் துல்லியம் என்று சொல்லி எடுத்துக் கொடுக்கும் தோட்டாக்களில் பல, நரி போன்ற சிறு விலங்குகளுக்கென்று செய்த மெல்லுறைக் குண்டுகள் கொண்டவை. பிளாஸ்டிக் முனையோடு அழகாக இருக்கும், பட்டவுடன் தூளாகும். 25 மீட்டரில் வேகம் இன்னும் குறையாத நிலையில் அவை பீவரின் தோளில் பட்டால், மேல்தசையில் ஒரு பெரிய குழியைத் தோண்டிவிட்டு உள்ளே போகாமல் நின்றுவிடலாம். தோலும் கெடும், விலங்கும் போகும். ரோ மானுக்கு ஏற்றது என்று பெட்டியில் குறித்திருக்கும், சற்றுத் தடித்த உறையுள்ள மென்முனைக் குண்டுதான் வேண்டும். .223 என்ற பெயரைவிட அந்தக் குண்டின் உறை முக்கியம் என்பேன்.

.22-250ஐப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதே 55 கிரெயின் குண்டை நொடிக்கு 1,120 மீட்டரில் அனுப்பும் தோட்டா அது. திறந்தவெளியில் முந்நூறு மீட்டர் தூரத்துக்குச் சிறப்பானது. முப்பது மீட்டர் தூரத்தில் அந்த வேகத்துக்கு வேலை இல்லை. தோலில் கிழிசல்தான் பெரிதாகும்.

.243 வின்செஸ்டர் அப்படிப்பட்டதல்ல. 100 கிரெயின், 6.5 கிராம் குண்டோடு அது ரோ மானுக்கு மிக நல்ல தோட்டா. குழல் முனை ஆற்றல் 2,640 ஜூல் அளவு. பீவரையும் நன்றாகவே வீழ்த்தும். ஆனால் நோர்வேயில் எல்க், சிவப்பு மான், ரெயின்டீர் மான் ஆகியவற்றுக்குக் குறைந்தது 9 கிராம் குண்டு வேண்டும் என்பதால் அங்கே .243க்கு இடமில்லை, ரோ மானுக்கும் பீவருக்கும்.223 போதும் என்பதால் இங்கே அதற்குத் தேவையில்லை. சட்டத்தின் பார்வையில் அது இரண்டுங்கெட்டான். ஏற்கெனவே வைத்திருப்பவர் தாராளமாகப் பயன்படுத்தலாம்; பீவருக்கென்று வாங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக எல்க் ரைபிள். பெரும்பாலான நோர்வே வேட்டைக்காரர்களிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான் என்பதால் இதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். 6.5×55 என்பது 1894இல் சுவீடனும் நோர்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தபோது இரு நாட்டுப் படைகளுக்கும் பொதுவாக ஏற்றுக்கொண்ட தோட்டா. நோர்வேயில் கிராக், சுவீடனில் மவுசர் என்று துப்பாக்கிதான் வேறுபட்டது. 156 கிரெயின், அதாவது 10.1 கிராம் குண்டு நொடிக்கு 780 மீட்டர் அளவில் கிளம்பி 3,000 ஜூலைத் தாண்டுகிறது. கேட்டவுடன் 'பீவருக்கு இதுவா, கொசுவை அடிக்கக் கோடாலியா' என்று தோன்றும். வேட்டைக் கழகத்தில் என் அயலவருக்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய அதுதான்.

ஆற்றல் எண்ணை மட்டும் பார்ப்பவர் செய்யும் பிழை இது. சதையும் தோலும் எவ்வளவு கெடும் என்பதை முடிவு செய்வது, குண்டு தன்னிடமுள்ள ஆற்றலில் எவ்வளவை, எவ்வளவு விரைவாக விலங்குக்குள் விடுகிறது என்பதுதான். எல்க் மானின் தடித்த உடலுக்கென்று செய்த, உறையும் ஈயமும் ஒட்டவைத்த கனமான குண்டு, பீவரின் சிறிய உடலுக்குள் முழுதாக விரியவே நேரம் இல்லாமல் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. ஆற்றலில் பெரும்பகுதியைத் தன்னோடு எடுத்துச் சென்று பின்னாலிருக்கும் மண்ணில் விடுகிறது. நோர்மா நிறுவனத்தின் 156 கிரெயின் ஓரிக்ஸ் இந்த வகை. மெல்லுறை .22-250 குண்டு செய்யும் சிதைவை இது செய்வதில்லை. ஆனால் இந்த நன்மைக்கு விலை இருக்கிறது: குண்டு நிச்சயமாக வெளியேறும், வெளியேறிய பின்னும் மிகுந்த ஆற்றலோடு இருக்கும். பின்னால் மண் இல்லை என்றால் சுடவே கூடாது என்ற விதி எல்லாத் தோட்டாக்களுக்கும் பொது. இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். .308க்கும் .30-06க்கும் இதே பேச்சுதான், பின்னுதையும் சத்தமும் கூடுதல் என்பதைத் தவிர. முழுதும் உறை மூடிய, விரியாத இராணுவக் குண்டைப் போட்டால் துளை இன்னும் சிறிதாகுமே என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது: விரியும் குண்டுதான்.

ஈயமில்லாத குண்டைத் தேடுபவருக்கு ஒப்பீடு கொஞ்சம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலங்களில் ஈயச் சன்னங்களுக்குத் தடை இருக்கிறது. அது ஷாட்கன்னின் சன்னங்களைப் பற்றியது, ரைபிள் குண்டைப் பற்றியது அல்ல. ஆனால் பீவர் இறைச்சியை வீட்டில் சமைப்பவர்கள், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஈயத்துகள் கலந்துவிடும் என்று அஞ்சிச் செம்புக் குண்டுக்கு மாறுவது நியாயமே. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டை நிலைப்படுத்த, குழலின் உள்வரி முறுக்கு, அதாவது குண்டைச் சுழல வைக்கும் உட்பக்க வரிகளின் முறுக்கு, வேகமாக இருக்க வேண்டும். பழைய .222களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்குதான் வழக்கம், அதில் 3.2 கிராம் செம்புக் குண்டு தடுமாறக்கூடும். தடுமாறாத இலேசான செம்புக் குண்டைப் போட்டால் சுவீடனின் எடைக் கோட்டுக்குக் கீழே போய்விடும். முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்ற நிலை. புதிய .223களில் 8 அல்லது 9 அங்குல முறுக்கு சாதாரணம் என்பதால் சிக்கல் இல்லை. தாத்தாவின் .222ஐ விடவே மனமில்லாதவர்களிடம் நான் சொல்லும் ஒரே உறுதியான எதிர்வாதம் இதுதான்.

தோட்டாவைத் தேர்ந்த பிறகும் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. எல்க் வேட்டைக்காக 100 மீட்டருக்குச் சரிசெய்த ரைபிள், 25 மீட்டரில் குறிவைத்த இடத்தில் அடிக்காது. ஸ்கோப் குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் அளவு மேலே உட்கார்ந்திருக்கிறது. குண்டு அந்தக் கோட்டை எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் இருக்கிறது. கணக்குப் போட்டால் .223 அந்தத் தூரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், 6.5×55 இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் கீழே அடிக்கும். எல்க் மானின் மார்பில் இது ஒன்றுமே இல்லை. பீவரின் தலையில் இது மூளைக்கும் தாடைக்கும் உள்ள வேறுபாடு. ஏப்ரல் தொடங்குமுன் ஒரு நாள் 25 மீட்டரில் அட்டை வைத்து மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

தலையைத் தவிர வேறெங்கே சுடலாம் என்ற கேள்வியும் தோட்டாவோடு சேர்ந்தது. .223 வைத்திருப்பவர் தலையையோ கழுத்தையோ குறிவைப்பது நல்லது. 6.5×55 வைத்திருப்பவருக்கு இரு தோள்களையும் உடைத்துக்கொண்டு போகும் பக்கவாட்டுச் சுடலும் கைகொடுக்கும்; எலும்பு நொறுங்கிய விலங்கு நீர்வரை தவழ்வது அரிது. கரையில் உட்கார்ந்த பீவர் உரோமப் பந்துபோலத் தெரியும் என்பதால் மார்பு இருக்கும் இடத்தைக் கண் தவறாக மதிப்பிடும். அது நாம் நினைப்பதைவிட முன்னாலும் தாழ்வாகவும் இருக்கிறது. பின்பக்கமாகச் சாய்ந்த கோணத்தில் எந்தத் தோட்டாவாலும் சுட வேண்டாம். வால் அருகே இருக்கும் கஸ்தோரியச் சுரப்பிகள் கிழிந்தால் இறைச்சி நாறிவிடும். சுவீடனில் அந்தச் சுரப்பியை மதுவில் ஊறவைத்துக் குடிப்பவர்களுக்கும் இழப்புதான்.

என் அயலவருக்கு நான் சொன்னது இதுதான்: புல்வெளியைக் காப்பாற்றுவதற்காக ஆண்டுக்கு ஒன்றிரண்டு பீவர் மட்டுமே சுடுவதென்றால் எதையும் வாங்க வேண்டாம், 6.5×55ஐ 25 மீட்டரில் சோதித்துவிட்டுக் கொண்டுபோங்கள். ரோ மானும் சுடப் போகிறீர்கள் என்றால், அல்லது வீட்டில் இளையவர் யாராவது கற்கப் போகிறார் என்றால், வேகமான முறுக்குள்ள.223 வாங்குங்கள், தடித்த உறைக் குண்டோடு. .22 லாங் ரைபிளைப் பெட்டகத்திலேயே விடுங்கள். அவர் பாதி ஏற்றுக்கொண்டார், பாதி யோசிக்கிறேன் என்றார்.

நோர்வேயில் பீவர் வேட்டைக்காலம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, சில பகுதிகளில் மே 15 வரை. பனிக்கட்டி உருகி ஓடை திறந்த ஓர் ஏப்ரல் மாலையில் அவரோடு நானும் போயிருந்தேன். ஓடைக்கு மேலே, பிர்ச் மரங்களுக்கிடையே ஒரு சரிவில் உட்கார்ந்தோம். எதிரே கரையும் அதன் பின்னால் செங்குத்தான களிமண் திட்டும். முதலில் ஒன்று நடு நீரில் நீந்தி வந்தது. அவர் ரைபிளைத் தூக்கவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகு இரண்டாவது ஒன்று கரையேறி, ஆஸ்பென் கிளையை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு கொறிக்க ஆரம்பித்தது. கொறிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. சுட்டபோது பின்னுதையில் ஸ்கோப் மேலே எழும்பியதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தொலைநோக்கி வைத்திருந்த எனக்கு, அது அப்படியே பக்கவாட்டில் சரிந்து, வழுக்கும் களிமண்ணில் மெதுவாக நீருக்குள் இறங்கியது தெரிந்தது. கழுத்தில் அடி. அசைவே இல்லை. ஆனால் நீரோட்டம் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

இதை எதிர்பார்த்து அவர் ஒரு தூண்டில் கோலையும் கொண்டுவந்திருந்தார், நுனியில் பெரிய முக்கொக்கி கட்டி. மூன்றாவது வீச்சில் உரோமத்தில் மாட்டியது. கரைக்கு இழுத்துத் திருப்பிப் பார்த்தபோது, குண்டு நுழைந்த இடத்தை உரோமத்தை விலக்கித் தேட வேண்டியிருந்தது. வெளியேறிய துளை ஏறக்குறைய 20 குரோனர் நாணயத்தின் அளவு. இந்தத் துளைக்காகத் தனியாக ஒரு ரைபிள் வாங்க வேண்டியதில்லை என்றார் அவர். ஆனால் விலங்கு விழுந்ததைத் தன் கண்ணால் பார்க்க முடியாமல் போனது அவரை உறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில்.223இன் பின்னுதை உண்மையிலேயே அவ்வளவு குறைவா என்று இரண்டு முறை கேட்டார்.